சூசையப்பர்: பேசாமல் கீழ்ப்படிந்தவர்

திருவருகைக் காலம் வந்துவிட்டால் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி உள்ளிட்ட கம்பம் பள்ளத்தாக்கின் பங்குகளில் குடில் கட்டும் வேலை தொடங்கிவிடும். சுரூபங்களை அடுக்கும்போது பாலன் இயேசு நடுவில் இருப்பார். அன்னை மரியா அருகில் இருப்பார். சூசையப்பர் கையில் கோலுடன் சற்றுத் தள்ளி நிற்பார். குடில் பார்க்க வருகிறவர்களின் கண் அவர்மேல் அதிக நேரம் நிற்பதில்லை. நற்செய்தி நூல்களிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. ஆனால் அவர் செய்தவை பதிவாகியுள்ளன. அவற்றை இந்நாள்களில் சிந்திப்பது நமக்குப் பயன் தரும்.

பெயரும் காப்பியமும்

நம் முன்னோர் அவரைச் சூசையப்பர் என்று அழைத்தார்கள். இன்றைய விவிலிய மொழிபெயர்ப்பில் யோசேப்பு என்று வாசிக்கிறோம். ‘கடவுள் பெருகச் செய்வாராக’ என்பது இந்த எபிரேயப் பெயரின் பொருள். மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர், அப்பொருள் விளங்க ‘வளன்’ என்று தமிழில் பெயர் தந்தார். 18-ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் இந்த வளனே. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட நூல் அது. நற்செய்தியில் வாய் திறவாத ஒருவருக்குத் தமிழில் ஒரு பெருங்காப்பியம் கிடைத்திருக்கிறது.

1870-ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரை அனைத்துலகத் திருஅவையின் பாதுகாவலராக அறிவித்தார். அதன் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 முதல் ஓராண்டைப் புனித யோசேப்பு ஆண்டாக அறிவித்தார்.

நான்கு கனவுகள்

மத்தேயு நற்செய்தியில் யோசேப்புக்கு நான்கு முறை கனவில் இறைவனின் செய்தி வருகிறது (மத் 1:20, 2:13, 2:19, 2:22). மரியாவை ஏற்றுக்கொள், குழந்தையுடன் எகிப்துக்கு ஓடு, இஸ்ரயேலுக்குத் திரும்பு, யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவுக்குப் போ. கேட்ட ஒவ்வொன்றையும் அவர் செய்து முடிக்கிறார். எகிப்துக்குப் புறப்படுவதற்கு விடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

முதல் கனவுக்கு முன் அவர் இருந்த நிலையை எண்ணிப் பார்ப்போம். யூத வழக்கப்படி மண ஒப்பந்தம் ஆனவர்கள் சட்டத்தின் முன் கணவன் மனைவியே. ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறாள் என்று வழக்கு எழுந்தால், தண்டனை மரணம்வரை போகலாம் (இச 22:20-24). யோசேப்பு மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை. அதனால்தான் மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறார். சட்டம் தெரிந்தவர், இரக்கமும் தெரிந்தவர். கனவுக்குப் பின் அவர் மரியாவை மனைவியாக ஏற்றுக்கொண்டு, பிறந்த குழந்தைக்கு இயேசு என்று பெயரிடுகிறார். பெயரிட்டவர் சட்டப்படி தந்தை ஆகிறார். இவ்வாறே இயேசு தாவீதின் வழிமரபில் இடம்பெறுகிறார்.

ஏரோதுக்குப் பணியவில்லை

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான பேரரசர் அகுஸ்துவின் ஆணைப்படி, நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு அவர் கருவுற்ற மனைவியுடன் சென்றார் (லூக் 2:1-5). ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம் அது. நம் பக்கத்துக் கணக்கில் சொன்னால், கம்பத்திலிருந்து மதுரைக்கு நடப்பது போன்றது.

அரசனின் ஆணைக்கு அப்படிப் பணிந்தவர், ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடியபோது இரவோடு இரவாக நாட்டைவிட்டே வெளியேறினார். ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல் பல வேளைகளில் எளியவர்களின் வாயை அடைக்கவே பயன்படுகிறது. சூசையப்பரின் கீழ்ப்படிதல் அப்படிப்பட்டதன்று. கடவுளுக்குக் கீழ்ப்படிந்தவர் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றினார். அதற்காக ஊரையும் தொழிலையும் இழக்க அவர் துணிந்தார்.

நம் பள்ளத்தாக்கில்

இதை நாம் மற்றவர் கதையாகக் கேட்க முடியாது. பெண் சிசுக்கொலைக்காகப் பேசப்பட்ட மாவட்டங்களில் தேனியும் ஒன்று. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோர் வேண்டாம் என்று நினைத்த குழந்தைகளை ஏற்றுக்கொள்ள அரசு தொட்டில் வைக்கவேண்டியிருந்தது. கருவிலேயே பாலினம் அறிந்து சொல்வதைத் தடுக்க 1994-இல் நடுவணரசு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. ஏரோதின் வாள் பெத்லகேமோடு முடியவில்லை.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் சொந்தபந்தம் முகம் சுளிக்கிறது. ஏலத்தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கி வரும் தந்தை, யாருக்கும் பதில் சொல்லாமல் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்கிறார். சூசையப்பர் செய்ததும் இதுதான். மணமாகாத பெண் கருவுற்றாள் என்று தெரிந்ததும் ஊர் தூற்றத் தொடங்குகிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் நம் வாயை நாம் மூடலாம். அவளுக்கு நம் கதவைத் திறக்கலாம்.

இந்தக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் குடில் முன் நிற்கும்போது சூசையப்பரையும் சற்று நேரம் உற்றுநோக்குவோம். டிசம்பர் 28 அன்று மாசில்லாக் குழந்தைகளின் விழாவைக் கொண்டாடும்போது, நம் ஊரில் பெயர்கூடப் பெறாமல் மறைந்த குழந்தைகளையும் நினைத்து மன்றாடுவோம். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பாலனைக் காத்தவர், நம் வீட்டுத் தொட்டில்களையும் காப்பாராக.

புனித சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.