எய்டோகு போட்ட முட்டுக்கட்டை

ஓவியர் கானோ டான்யூ எடோ நகருக்குக் குடியேறிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவருடைய தாத்தா எய்டோகு வழி விட்டால்தானே!

1576-இல் அசூச்சிக் கோட்டை எழும்பத் தொடங்கியதும், அதன் சுவர்களுக்கும் இழுப்புக் கதவுகளுக்கும் ஓவியம் தீட்ட, அதைக் கட்டிய போர்த்தலைவர் நொபுநாகா எய்டோகுவைத்தான் அழைத்தார். நொபுநாகாவின் கோபம்தான் தெரியுமே. வேலை பிடிக்காமல் தலை போனாலும் குலம் பிழைக்கட்டும் என்று, கியோட்டோ வீட்டைத் தம்பி சோஷுவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார் எய்டோகு. தலை தப்பியது, ஓவியம் தப்பவில்லை. 1582-இல் நொபுநாகா மாண்ட கையோடு கோட்டை எரிந்து, தங்கத் தகட்டின் மேல் தீட்டிய அத்தனையும் சாம்பலானது.

பிறகு, நொபுநாகாவுக்கு அடுத்து ஆட்சியைப் பிடித்த ஹிடெயோஷி. ஒசாகா கோட்டை, ஜுராகுடாய் மாளிகை என்று ஓயாத வேலை. இன்று மிஞ்சியிருக்கும் சிங்கத் திரையைப் பார்த்தால் மனிதரின் வேகம் புரியும். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், நாலரை மீட்டர் அகலம். தங்க மேகங்களுக்கு நடுவே இரண்டு சிங்கங்கள் திமிரோடு நடக்கின்றன.

இத்தனை கோட்டை, மாளிகை வேலையும் ஒருவர் கையால் ஆகிற காரியமா? எய்டோகுவின் தாத்தா மொட்டோநொபு செய்துவைத்த ஏற்பாடு கைகொடுத்தது. தூரிகை நடையை அவர் மூன்றாக வகுத்தார்: கட்டுக்கோப்பானது, இடைப்பட்டது, விரைந்து ஓடுவது. மாதிரிகளைப் பார்த்து வரைந்து வரைந்தே சீடர்கள் தேறினார்கள். யார் வரைந்தாலும் அது கானோ பட்டறைச் சரக்காகவே தெரியும். ஓவியக் குடும்பம் இப்படித்தான் பள்ளிக்கூடமும் ஆனது.

அந்தப் பட்டறைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். நோட்டோ பக்கத்திலிருந்து கியோட்டோவுக்கு வந்த ஹாசெகாவா டோஹாகு. சாயத்தொழில் வீட்டில் வளர்ந்தவர். 1590-இல் அரண்மனையின் ஒரு பகுதிக்கு வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்க இருந்தது. எய்டோகு தம்பியையும் மகனையும் கூட்டிக்கொண்டு அரசவைப் பிரமுகர் ஒருவரிடம் போய் முறையிட்டு, அதைத் தடுத்துவிட்டார். சிங்கங்களை அப்படி வரைந்த கைக்கு இந்தச் சில்லறை வேலை எதற்கு? எனக்கு இந்த இடத்தில் எய்டோகுதான் வில்லன்.

அடுத்த மாதமே அவர் இறந்துபோனார், ஐம்பதைக்கூடத் தொடவில்லை. சிறுவயதில் இறந்த மகனின் நினைவாக ஹிடெயோஷி கட்டிய கோயிலுக்கு வரையும் பணி டோஹாகுவிடம் போனது. அந்த ஓவியங்கள் இப்போது கியோட்டோவின் சிஷாகு-இன் கோயிலில் இருக்கின்றன. அந்தத் தலைமுறைப் போட்டியில் ஜெயித்தவர் டோஹாகுதான் என்பேன். ஆனால் அவருடைய கெட்டிக்கார மகன் கியூஸோ 1593-இல் இளம்வயதிலேயே போய்விட்டார். கானோ பள்ளியோ 19-ஆம் நூற்றாண்டு வரை பாடம் நடத்தியது.

டான்யூவை அடுத்த வாரம் கட்டாயம் எடோவுக்கு அனுப்பிவைக்கிறேன்.

(தொடரும்)