கேள்வி யாருடையது?

இத்தாலியின் தென்கோடியிலுள்ள ரெஜ்ஜோ கலாபிரியா என்னும் கடற்கரை நகரில் நிகழும் கதையொன்றை, ஆலிச்சே ரோர்வாக்கர் என்னும் பெண் இயக்குநர் 2011ஆம் ஆண்டு 'கோர்ப்போ செலெஸ்தே' என்ற பெயரில் திரைப்படமாக்கினார். 'விண்பொருள்' என்பது அத்தலைப்பின் பொருள். சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, தாயோடும் அக்காளோடும் தாயகம் திரும்புகிறாள் பதின்மூன்று வயது மார்த்தா. உறுதிப்பூசுதல் பெறுவதற்காகப் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் அவளைச் சேர்க்கிறார்கள்.

அவ்வகுப்பில் தொலைக்காட்சிப் போட்டியைப் போல் வினாக்கள் எழுகின்றன. சரியான விடையைத் தேர்ந்து சொன்னால் போதும். மறைக்கல்வி ஆசிரியை தீயவர் அல்லர், உழைப்பாளி. பங்குத்தந்தையோ தேர்தல் வேலையிலும், பெரிய பங்கொன்றுக்கு மாற்றலாகிச் செல்லும் ஆசையிலும் மூழ்கியிருக்கிறார். இவர்களுக்கிடையே மார்த்தாவின் உள்ளத்தில் ஒரு கேள்வி தங்கிவிடுகிறது. சிலுவையில் ஆண்டவர் அரமேய மொழியில் எழுப்பிய அந்தக் கூக்குரலுக்கு என்ன பொருள்? வகுப்பில் அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

இப்படத்தைக் கண்டு நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 'திருச்சபையைக் கேலி செய்கிறார்கள்' என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அச்சிறுமியின் கேள்வி புதியதன்று. மறைக்கல்வியில் கேள்வி கேட்கும் உரிமை யாருடையது என்பதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

பாஸ்கா இரவில் கேள்வி கேட்பது பிள்ளை. இச்சடங்கின் பொருள் என்னவென்று பிள்ளைகள் வினவும்போது பெற்றோர் விடையிறுக்க வேண்டுமென விடுதலைப் பயண நூல் பணிக்கிறது (12:26-27). பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்திருந்த இயேசுவும் விடைகளை ஒப்புவித்ததோடு நிற்கவில்லை; செவிமடுத்தார், கேள்விகளும் கேட்டார் (லூக்கா 2:46). கி.பி. 400ஆம் ஆண்டையொட்டிப் புனித அகுஸ்தீன், கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவருக்காக மறைக்கல்வி பற்றி நூலொன்று எழுதினார். கேட்பவர் சோர்ந்திருந்தால் அவருக்கு இருக்கை கொடுக்கவும், அவர் மனத்திலுள்ளதை அன்போடு வினவி அறியவும் அதில் அறிவுரை தந்தார்.

பின்னர் வந்த நூற்றாண்டுகளில் கேள்வி கைமாறியது. திரெந்து சங்கத்திற்குப்பின், 1597இல் புனித இராபர்ட் பெல்லார்மின் இத்தாலிய மொழியில் எழுதிய சிறு மறைக்கல்வி நூலில் ஆசிரியர் கேட்கிறார். மாணவன் விடை சொல்கிறான். அடுத்த ஆண்டே அவர் விரிவான விளக்க நூலொன்றை வெளியிட்டார். அதிலோ மாணவன் கேட்கிறான், ஆசிரியர் விளக்குகிறார்! முன்னது சிறுவர் மனப்பாடத்திற்கு; பின்னது கற்பிப்போர் பயன்பாட்டிற்கு. ஒரே புனிதர் இரண்டையும் எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது. விடையை மனத்தில் பதிப்பதும், கேள்விக்கு இடமளிப்பதும் ஒரே பணியின் இரு கைகள் என அவர் கண்டார் போலும். ஆனால் பிள்ளைகளின் கையில் சிறு நூல் மட்டுமே தங்கியது.

தமிழ் மண்ணும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அண்டிரிக்கு அடிகளார் 1579இல் கொச்சியில் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' ஓர் உரையாடல் நூலே. எழுத்தறியா மக்களுக்கு வாய்ப்பாடமே நூலாக விளங்கிய காலம் அது. மனப்பாடம் விசுவாசத்தைத் தலைமுறைகள் தாண்டிக் காத்தது என்பதை நன்றியோடு ஏற்கிறோம். இத்தாலியிலும் புனித பத்தாம் பத்திநாதர் 1912இல் வெளியிட்ட வினா விடைச் சுருக்கம் அவ்வாறே பயன்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின், 1970இல் இத்தாலிய ஆயர்கள் மறைக்கல்விப் புதுப்பிப்பு பற்றிய ஆவணத்தில், விசுவாசமும் வாழ்வும் ஒன்றிணைய வேண்டுமென வலியுறுத்தினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் வந்த படத்தில் மார்த்தாவின் வகுப்பு எப்படியிருக்கிறது? பழைய மனப்பாடத்தின் ஆழமும் அங்கில்லை. புதிய உரையாடலின் அன்பும் இல்லை. வினா விடையின் வெற்றுக்கூடே எஞ்சியுள்ளது.

மக்கள் கைவிட்டுச் சென்ற மலையூர் ஒன்றில் வாழும் முதிய குருவே இறுதியில் அவளுக்கு அச்சொற்களின் பொருளைச் சொல்கிறார். அது ஒரு கேள்வி! தந்தை தம்மைக் கைவிட்டது ஏன் என இறைமகனே கேட்ட கேள்வி. விடையளிப்பவராக மட்டுமே மார்த்தாவுக்குக் காட்டப்பட்ட இயேசு, கேள்வி கேட்பவராக அவளருகில் வந்து நிற்கிறார். அவ்வூரிலிருந்து பங்குக்குக் கொண்டுவரப்படும் பழைய பாடுபட்ட சுரூபமோ வழியில் கடலில் விழுந்துவிடுகிறது. உறுதிப்பூசுதல் நாளன்று ஆயர் வந்திருக்கிறார். மார்த்தா கடற்கரைக்குச் சென்றுவிடுகிறாள். அவள் விசுவாசத்தை இழந்தாளா, தேடிச் சென்றாளா? படம் தீர்ப்புக் கூறவில்லை.

நமக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் உறுதிப்பூசுதல் தேர்வில் ஒரு சிறுமி, தூய ஆவியார் வந்ததைத் தான் எப்படி அறிந்துகொள்வது என்று கேட்டாள். நேரமில்லை. 'முதலில் பாடத்தைச் சொல். பிறகு புரியும்' என்றோம். பிழையின்றி ஒப்புவித்தாள். முழு மதிப்பெண் கொடுத்தோம். அதன்பின் அவள் எதையும் கேட்கவில்லை. அவ்வமைதியை அன்று ஒழுக்கம் என எண்ணினோம். இன்று அதை இழப்பு என்று அறிகிறோம்.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே! உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளை தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட வேண்டுமென எதிர்பார்க்கிறோம். அதே வாய் முதலில் கேட்கட்டும். விடை தெரியாவிடில், தெரியாது என்று சொல்லி உடன் அமர்வோம். சிலுவையடியில் நின்ற அன்னை மரியாவும் மகனின் கேள்விக்கு விடை கூறவில்லை. அவரை விட்டு அகலவும் இல்லை.