மனைவி என்பதற்கு என்ன சாட்சி?

செம்பூர், மாதுங்கா, தாராவியில் வளர்ந்த எங்கள் தலைமுறை ஆட்களில் பலர் இன்று பிராங்க்பர்ட், லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று சிதறிக் கிடக்கிறோம். வேலை விசா வாங்கிக்கொண்டு வந்து சேர்வது ஒரு கதை. கட்டின பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வருவது அதைவிடப் பெரிய கதை. "கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு, ஆனா நாலு மாசமா அவ இன்னும் செம்பூர்லயே இருக்கா" என்று புலம்பாத நண்பர்கள் குறைவு.

இந்தப் புலம்பலுக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. நாம் நினைப்பதுபோல இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த கஷ்டம் இல்லை. நூறு வருடமாக எல்லா அரசாங்கமும் கேட்பது ஒரே கேள்விதான்: இவள் உன் மனைவி என்பதற்கு என்ன சாட்சி?

முதலில் 1913-க்குப் போவோம். இடம் ஐரோப்பா இல்லை, தென்னாப்பிரிக்கா. ஆனால் ஆண்டவர்கள் ஐரோப்பியர்கள், சட்டமும் அவர்களுடையது. அங்கே குடியேறியிருந்த ஹசன் ஈசப் என்பவர் இந்தியாவிலிருந்து தன் மனைவி பாய் மரியத்தை அழைத்து வந்தார். இறங்க அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு கேப் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1913 மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த கல்யாணம் இந்த நாட்டில் கல்யாணமாகாது. அதாவது இந்து, முஸ்லிம், பார்சி முறையில் தாலி கட்டியவர்களும் நிக்காஹ் செய்தவர்களும் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டது!

அதுவரை சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறை போகவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் போனார்கள். கஸ்தூரிபாய் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து கிளம்பிய பெண்கள் குழுவில் ஏறக்குறைய எல்லோருமே தமிழ்ப் பெண்கள். சிலர் கைக்குழந்தையோடு நடந்தார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர்கள் பேசித்தான் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தில்தான் சிறை போனாள். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். வயது 16. "விடுதலைப் போராட்ட வீராங்கனை" என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போனோம். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று நம் கல்யாணம் கல்யாணம்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

அதே 1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒரு மனைவியையும் வயதுக்கு வராத பிள்ளைகளையும் அழைத்துவர வழி பிறந்தது. அடுத்த வருடம் ஜனவரி 9-ந் தேதி காந்தியும் கஸ்தூரிபாயும் பம்பாய் அப்போலோ பந்தரில் வந்து இறங்கினார்கள்.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1979 ஜனவரி, லண்டன் ஹீத்ரோ விமான நிலையம். இந்திய ஆசிரியை ஒருவர் அங்கிருந்த மாப்பிள்ளையை மணக்க வந்து இறங்குகிறார். மணக்கப்போகும் பெண்ணுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கும் அவசியம் அப்போது இல்லை. மனைவிக்கு மட்டும் உண்டு. "ஏற்கெனவே கல்யாணமானவளோ?" என்று அதிகாரிக்குச் சந்தேகம். கல்யாணமாகாத இந்தியப் பெண் கன்னியாகத்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டு, ஆண் மருத்துவர் ஒருவரை வைத்துப் பரிசோதித்தார்கள். பிப்ரவரி 1-ல் கார்டியன் பத்திரிகையில் செய்தி வந்ததும் இரண்டு நாட்டிலும் கொதிப்பு, உடனே அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. நடந்தது ஒருமுறைதான் இல்லை. குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்தது என்பது 2011-ல் பழைய அரசாங்கக் கோப்புகளிலிருந்து வெளிவந்தது.

1980-ல் இன்னொரு விதி. வெளிநாட்டிலிருந்து வரும் கணவன், "பிரிட்டனில் குடியேறுவது என் கல்யாணத்தின் முக்கிய நோக்கமல்ல" என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி ஐயா நிரூபிப்பது? பெண் வீட்டார் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் சந்தேகம் இன்னும் கூடியது. இங்கே குடியேறியிருந்த மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். மனைவியை அழைக்க ஆணுக்கு இருந்த வசதி, கணவனை அழைக்கப் பெண்ணுக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். 1985 மே மாதம் ஜெயித்தார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? கணவர்களுக்கான விதியைத் தளர்த்தவில்லை. மனைவிகளுக்கும் அதே கெடுபிடியைப் போட்டு "சமமாக்கிவிட்டது"! அந்த நோக்க விதி 1997 ஜூனில்தான் ஒழிந்தது.

நடுவில் ஒரு நல்ல திருப்பம். சுரிந்தர் சிங் என்ற இந்தியர் பிரிட்டிஷ் பெண்ணை மணந்து, இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பினார்கள். அந்தக் கல்யாணம் பிறகு முறிந்தது, ஆனால் வழக்கு சரித்திரமானது. இன்னொரு ஐரோப்பியச் சமூக நாட்டில் வேலை செய்துவிட்டுத் தாய்நாடு திரும்புகிறவர், தன் துணையை ஐரோப்பியச் சட்டப்படியே அழைத்துவரலாம் என்று 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிரெக்ஸிட்டோடு பிரிட்டனில் இந்த வழி மூடிவிட்டது. மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறது.

அப்புறம் வந்தது மொழிச் சாட்சி. 2007 ஆகஸ்டில் ஜெர்மனி, வரும் மனைவிக்கோ கணவனுக்கோ ஏ1 அளவு ஜெர்மன் தெரிய வேண்டும் என்றது. என் அத்தை மகன் கல்யாணம் அதற்கு அடுத்த வருடம். அவன் மனைவி செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் பிடித்து வி.டி.யில் இறங்கி, காலா கோடாவில் இருக்கும் மாக்ஸ்முல்லர் பவனுக்கு மாதக்கணக்கில் போய் வந்தாள். ரயிலில் நின்றுகொண்டே டெர், டி, டாஸ் மனப்பாடம். அவன் இங்கே தனியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தான். அமெரிக்கர், ஜப்பானியர் இங்கே வேலைக்கு வந்தால் அவர்கள் மனைவிக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. இங்கேயே வாழும் ஒரு பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கும் தேவையில்லை. 2012-ல் ப்ளூ கார்டு வந்த பிறகு, அது வைத்திருப்பவர்களின் துணைக்கும் விலக்கு கிடைத்தது. மொழி தெரிந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணவனின் பாஸ்போர்ட்டையும் சம்பளத்தையும் பார்த்து மாறுகிற விதி, மொழியைப் பற்றிய விதிதானா?

பிரிட்டனில் சாட்சி பணமானது. துணையை அழைக்க வருட வருமானம் 2012-ல் 18,600 பவுண்டு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டு.

நம் பக்கமும் ஒரு விஷயம் இருக்கிறது. நமக்குக் கல்யாணம் என்றால் ஊர் கூடிப் பார்ப்பது. ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போனதுதான் சாட்சி. சான்றிதழ் வாங்குவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2006-ல்தான். தமிழ்நாட்டில் கட்டாயப் பதிவுச் சட்டம் 2009-ல் வந்தது. மகாராஷ்டிரத்தில் 1998-லேயே சட்டம் இருக்கிறது. மும்பையில் மாநகராட்சி வார்டு அலுவலகத்திலேயே பதிவு செய்யலாம்: மாதுங்காவுக்கு எஃப் நார்த், செம்பூருக்கு எம் வெஸ்ட், தாராவிக்கு ஜி நார்த். மூன்று சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மண்டபம் பிடிக்கும்போதே இதற்கும் ஒரு நாள் குறித்துவிடுங்கள். பாஸ்போர்ட், சான்றிதழ், பத்திரிகை மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். அப்பா பெயர் ஒன்றில் இனிஷியலாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் இருந்தால், விளக்கம் எழுதியே மாதம் ஓடிவிடும்.

விண்ணப்பப் படிவத்தில் "மனைவி" என்று ஒரு கட்டம் இருக்கும், ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அந்தக் கட்டத்துக்குள் நம் கல்யாணமும் அடங்கும் என்று ஒப்புக்கொள்ள வைக்கச் சிறை போனவர்கள், எழுதப் படிக்க அதிகம் தெரியாத நம் ஊர்ப் பெண்கள். அடுத்த முறை கான்சலேட் வரிசையில் அலுத்துப்போய் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு வள்ளியம்மை கதையை இப்படிச் சொல்லிப் பாருங்கள். பாடப் புத்தகத்தைவிட நன்றாகப் புரியும்.