மதுரைத் தண்ணீரும் புற ஊதா விளக்கும்

மதுரையைச் சுற்றிய சமவெளியில் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நாக்கு சொல்லும் இந்தத் தீர்ப்பை வைத்தே கிணறுகளும் ஊருணிகளும் தரம் பிரிக்கப்பட்டன. வைகையில் வெள்ளம் வடிந்தபின் மணலைத் தோண்டி, ஊறி வந்த நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் நிரப்பினார்கள். ஊற்று நீருக்கு மணலே வடிகட்டி. ஊருணி நீர் கலங்கலாக இருந்தால், பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு, மண் அடியில் படியும்வரை காத்திருந்தார்கள். சுவைக்கும் தெளிவுக்கும் இவ்வளவு பக்குவம் இருந்தது. தெளிந்த நீரிலும் நோய் இருக்கலாம் என்பதுதான் கண்ணுக்கோ நாக்குக்கோ எட்டவில்லை.

வடக்கிலிருந்து ராமேசுவரம் போகும் யாத்திரைப் பாதையில் மதுரை ஒரு பெரிய தங்கல். சித்திரைத் திருவிழாவுக்கு வைகைக் கரை முழுக்க ஜனம் தங்கியது. குடிநீரும் குளியலும் ஒரே மணற்பரப்பில் நடந்த 19-ஆம் நூற்றாண்டில், காலரா என்னும் வாந்திபேதி கூட்டத்தோடு வந்து, கூட்டம் கலையும்போது ஊர் ஊராகப் பரவியது. நோய்க்குக் காரணமான விப்ரியோ கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிசெய்தார். 1890-களில் மதுரை நகராட்சி குழாய்நீர் கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில் குளோரின் வந்தது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுகிற சுகாதாரப் பணியாளர் திருவிழாக் காலத்தின் வழக்கமான காட்சியாகிப் போனார்.

ஒளியால் கிருமியை ஒழிக்கும் எண்ணமும் ஏறத்தாழ அதே காலத்தது. சூரிய ஒளி பாக்டீரியாவைக் கொல்கிறது என்பதை 1877-இல் இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் இருவரும் காட்டினார்கள். வெயிலுக்கு மதுரையில் பஞ்சமில்லை. ஆனால் கிருமிக்கு மிகவும் பகையான 254 நானோமீட்டர் அலைநீளத்தை ஓசோன் மண்டலம் மேலேயே விழுங்கிவிடுகிறது. அதை உண்டாக்கப் பாதரச ஆவி விளக்கும், அதை மறிக்காமல் வெளியே விடக் குவார்ட்ஸ் குழலும் வேண்டியிருந்தன. இரண்டும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைகூடின. 1910-இல் பிரான்சின் மார்செய் நகரில் முதல் புற ஊதா குடிநீர் நிலையம் இயங்கியது, நீடிக்கவில்லை. குளோரின் மலிவு, குழாயின் கடைசி முனைவரை நீரோடு கூடவே போகும். ஒளியோ விளக்கடியிலேயே முடிந்துபோகும். இந்த ஒரு வேறுபாடு இன்றுவரை மாறவில்லை.

மதுரை இந்த வரலாற்றுக்குள் நேரடியாக நுழைவது 1992-இன் கடைசி மாதங்களில். சென்னை, மதுரை, வேலூர் ஆகிய ஊர்களில் காலரா கண்டவர்களிடம், அதுவரை காலராவுக்குக் காரணமென்று அறியப்பட்ட ஓ1 வகை இல்லாத புது விப்ரியோ கிடைத்தது. பட்டியலில் அதற்குமுன் 138 வகைகள் இருந்ததால் இது ஓ139 ஆயிற்று. பழைய வகைக்கு உடலில் ஏறியிருந்த எதிர்ப்பு இதனிடம் செல்லுபடியாகவில்லை. பெரியவர்களும் ஏராளமாகச் சாய்ந்தனர். 1993-இல் நோய் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் தாக்கியது. வங்காள விரிகுடாவை ஒட்டிப் பரவியதால் கிருமிக்குப் ‘பெங்கால்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தமிழகத்தில் தலைகாட்டியது பெயரில் இல்லை.

அந்தக் கொள்ளைநோய்தான் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த மும்பைக்காரரான இயற்பியலாளர் அசோக் காட்கிலைப் புற ஊதா விளக்கின் பக்கம் திருப்பியது. நீருக்குள் மூழ்கிய விளக்கின் உறையில் உப்பும் பாசியும் படிந்து ஒளியை மறைக்கும். காட்கில் விளக்கை நீருக்கு மேலே தொங்கவிட்டு, அடியில் ஆழமற்ற தட்டில் நீரை ஓடவிட்டார். நீர் தன் எடையிலேயே இறங்கும். நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் தேறும். இந்த அமைப்பு பின்னர் ஆந்திரக் கிராமங்களின் குடிநீர் நிலையங்களில் இடம்பெற்றது.

வீடுகளுக்கு வந்தது மூழ்கிய வகை. 1980-களில் வீடு வீடாக வந்து விற்கப்பட்ட சுவர்ப்பெட்டிகள் நகரத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு இதை அறிமுகம் செய்தன. இந்தியத் தர அமைவனம் இத்தகைய கருவிகளுக்கு ஐ.எஸ். 14724 என்ற தரநிலையை 1999-இல் வெளியிட்டது. கருவியைத் தேர்வதில் முதலில் பார்க்க வேண்டியது கருவியை அல்ல, தண்ணீரை. புற ஊதா ஒளி உப்பைக் குறைக்காது, ஃப்ளோரைடை எடுக்காது. போர்வெல்லின் உப்புத் தண்ணி விளக்கடியில் போனாலும் உப்புத் தண்ணியாகவே வரும், உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி இவ்வட்டாரத்தில் வேரூன்றியதற்கு அதுவே காரணம். மாநகராட்சியின் வைகை நீருக்கு விளக்கு பொருந்தும். ஆனால் புதுவெள்ளம் வரும் நாட்களில் கலங்கலின் நிழலில் கிருமி ஒளிந்து தப்பும். அதனால் விளக்குக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். தேத்தாங்கொட்டையின் இடம் இப்போது அதற்கு.

கடின நீரால் குவார்ட்ஸ் உறைமேல் வெள்ளைப் படிவம் ஏறும். எலுமிச்சை அமிலக் கரைசலில் துடைத்தால் போகும், தேய்த்துக் கீறக்கூடாது. ஒளியின் அளவு என்பது அதன் செறிவும் நீர் அதனடியில் நிற்கும் நேரமும் சேர்ந்தது. பொதுவாக ஏற்கப்பட்ட குறி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல். குழாயை அதிகம் திறந்தால் நேரம் குறையும், அளவும் குறையும். விளக்குக்கு ஆயுள் 8,000 முதல் 9,000 மணி நேரம். இடைவிடாது எரிந்தால் ஏறத்தாழ ஓர் ஆண்டு. அதற்குப் பிறகும் நீல ஒளி தெரியும். அது கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டுமே. கிருமியைக் கொல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பலர் ஏமாறுவது இந்த நீலத்தில்தான். கரண்ட் போனால் நீரும் தானாக நிற்கும் வால்வு உள்ள கருவியே ஏற்றது. நீண்ட மின்வெட்டுகளைப் பார்த்த தமிழகத்தில் இதை வசதி என்று சொல்ல முடியாது, அடிப்படைத் தேவை.

விளக்கைக் கடந்த நீருக்குக் காவல் இல்லை. கழுவாத குடமும் கைபட்ட சொம்பும் அதை மறுபடி கெடுக்கும். வெளிச்சம் பட்டால் சில பாக்டீரியாக்கள் தம் சிதைந்த மரபணுவைச் சீர்செய்துகொள்வதும் 1940-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. ஆகவே மேல்நிலைத் தொட்டிக்கு முன்னால் விளக்கு வைப்பதில் பயன் குறைவு. குடிக்கும் இடத்துக்கு அருகில் வைத்து, பிடித்த நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து அன்றே தீர்ப்பது முறை.

எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இரவில் வருகிற, கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போன்ற வலி இதிலும் சில மணி நேரம் கழித்தே தெரியும். பெட்டியைத் திறக்குமுன் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். நீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் எர்த் இணைப்பு தவிர்க்க முடியாதது. விளக்கு உடைந்தால் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, துடைப்பத்தைத் தொடாமல் ஈரக் காகிதத்தால் துண்டுகளை எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாதரசம் சில மில்லிகிராம்தான். ஆனால் பாதரசம் மண்ணில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அறிய மதுரைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை; கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது அதனால்தான். 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் பாதரச விளக்குகளையும் பட்டியலில் சேர்த்தன. பழைய விளக்கு குப்பைத்தொட்டிக்குப் போகாமல், புதியது வந்த அட்டைக்குழாயிலேயே வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும்.