நாடாவிலிருந்து கோப்புக்கு: மயிலிட்டி ஒலிநாடாக்களும் ஒலிச்சுருக்கத்தின் வரலாறும்

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு நீங்கியபோது, கைக்கு அகப்பட்டவற்றையே எடுத்துச் சென்றனர். எம் வீட்டாரின் மூட்டையொன்றில் பதினொரு ஒலிநாடாக்கள் இருந்தன. 1980களின் நடுப்பகுதியில் ஊர்க்கோயில் திருவிழா இரவுகளில் என் பாட்டனார் பதிவுசெய்த நாதசுரமும் தவிலும் அவற்றில் அடங்கியிருந்தன. மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த அக்காலக் குடாநாட்டிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட செய்தி யாவரும் அறிந்ததே. இந்நாடாக்களும் அவ்வாறே கேட்கப்பட்டன. சுழற்றுபவரின் கை சோர்ந்தால் தவிற்காரரின் கையும் சோர்ந்துவிடும் என்று அம்மம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இவற்றுட் பத்து நாடாக்கள் 2004 ஆம் ஆண்டளவில் கடையொன்றிற் கொடுக்கப்பட்டு, எம்.பி.3 கோப்புகளாக ஒரே இறுவட்டுக்கு மாற்றப்பட்டன. பத்து மணி நேர இசை ஒரு வட்டில் அடங்கியது கண்டு மகிழ்ந்த வீட்டார், பூஞ்சணம் பிடித்த நாடாக்களை எறிந்துவிட்டனர். பதினோராவது நாடா அலுமாரியின் பின்னே விழுந்து கிடந்தமையால் தப்பியது. சென்ற ஆண்டு அதனைக் கணினியிற் பதிந்து, வட்டிலுள்ள கோப்புகளோடு ஒப்பிட்டுக் கேட்டேன். எறியப்பட்ட பத்து நாடாக்களின் இசையில் எம்மிடம் எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற வினா அப்போது எழுந்தது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறுவட்டின் முறைப்படி ஒலியானது செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்டது, வழிகள் இரண்டு. ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட்டும், ஒரு மணி நேர இசைக்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டும் தேவையாகும். இத்துணைப் பெரிய தரவைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்ப இயலுமா என்பதே செருமனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் டீட்டர் சைட்சர் என்னும் பேராசிரியர் கொண்டிருந்த சிந்தனை. அவருடைய மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் 1980களில் அதனைத் தம் ஆய்வுப் பொருளாக ஏற்றார். மியூனிக்கில் எபர்ஹாட் சுவிக்கர் மனிதச் செவி பற்றி நிகழ்த்திய ஆய்வுகள் இதற்கு அடிப்படையாயின. வல்லொலி ஒன்றன் அருகே எழும் மெல்லொலியைச் செவி உணர்வதில்லை. கடல் இரையும்போது பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பு எமக்குக் கேளாது போவதை ஒத்தது இது. கேளாத ஒன்றைக் குறித்துவைப்பானேன் என்பதே எம்.பி.3 முறையின் உயிர்நிலை. ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தாரும் பிறரும் செப்பஞ்செய்த இம்முறை 1992 இல் முடிவாகி 1993 இல் சர்வதேசத் தரமாக வெளியாயிற்று, எம்.பி.3 என்ற கோப்புப்பெயர் 1995 யூலையில் வழங்கலாயிற்று.

பிராண்டன்பேர்க் தம் முறையைச் சோதித்த பாடல்களுட் புகழ்பெற்றது, சுசான் வேகா வாத்தியத் துணையின்றிப் பாடிய ஒன்று. தவிலோ முற்றிலும் வேறான சோதனை. எம்.பி.3 முறை ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சுருக்குகிறது. நீண்ட துண்டொன்று ஏறத்தாழ 26 மில்லிசெக்கன் அளவினது. அமைதியின் நடுவே கூடணிந்த விரல் வலந்தலையில் விழும்போது, சுருக்கத்தால் உண்டாகும் இரைச்சல் அத்துண்டு முழுவதும் பரவி, அடி விழுமுன்னரே கேட்கத் தொடங்குகிறது. இதனை முன்னெதிரொலி என்பர். திடீர் அடிகளுக்குக் குறுந்துண்டுகளைப் பயன்படுத்தும் ஏற்பாடு உண்டாயினும், குறைந்த பிட் வீதத்தில் அது போதுவதில்லை. எம் வட்டின் கோப்புகள் செக்கனுக்கு 64 கிலோபிட் வீதத்தில் அமைந்தவை. அவற்றிலே தீர்மானத்தின் கடைசிச் சொற்கள் மணலில் விழுந்தனபோல் மழுங்கியுள்ளன. நாதசுரத்தின் உயர் மீடிறன்கள் வெட்டுண்டமையால் அதன் கூர்மையும் குன்றியுள்ளது. போதாக்குறைக்கு, ஒருவழியாகப் பதிந்த இசையைக் கடைக்காரர் இருவழியாகச் சுருக்கியிருந்தார். நாடாவின் இரைச்சலுக்கும் பிட்டுகள் வீணே செலவாயின. அளவெட்டியில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தட்சணாமூர்த்தியின் தவிலை நேரிற் கேளாத எம் தலைமுறைக்கு ஒலிப்பதிவு ஒன்றே வழி என்பதை எண்ணும்போது, இஃது ஒரு வீட்டாரின் இழப்பு மட்டுமன்று.

கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரொஜர் டானன்பேர்க்கும் உருவாக்கிய ஓடாசிட்டி என்னும் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் 2000 மே மாதத்தில் வெளியாயிற்று. ஆயின், அன்று அதனை நிறுவியவுடன் எம்.பி.3 கோப்பை ஆக்க இயலாதிருந்தது. அம்முறை ஆக்கவுரிமைகளால் வேலியிடப்பட்டிருந்தது. மைக் செங் 1998 இல் தொடக்கிய லேம் என்னும் சுருக்கி, மூலநிரலாகவே வெளியிடப்பட்டது. ஓடாசிட்டியார் அதனைத் தம் மென்பொருளோடு சேர்த்து வழங்கவில்லை. பயனாளர் அதனை வேறிடத்திற் பெற்று, கோப்பு இருக்குமிடத்தை ஓடாசிட்டிக்குக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பின்னரே பிட் வீதம் பற்றிய தெரிவுகள் திறந்தன. இணைய இணைப்பு அரிதாயிருந்த ஊர்களில் இது சிறிய தொல்லையன்று. ஒருமுறை வேலைசெய்த அமைப்பை எவரும் மீண்டும் தொடத் துணியார். 64 என்றிருந்தால் 64 தான்.

2017 ஏப்பிரலில் எம்.பி.3 உரிமத் திட்டம் முடிவுற்றது. 2019 இல் ஓடாசிட்டி லேமைத் தன்னுள்ளேயே கொண்டு வெளிவந்தது. 27 ஆண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் இருந்த மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் கையளிக்கப்பட்டதும் அதே 2017 இல், யூலை மாதத்திலேதான். இரண்டுக்கும் யாதொரு தொடர்புமில்லை. எனினும் அவ்வாண்டை எண்ணும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

திறக்கப்பட்ட நிலத்துக்கு மீளலாம். எறியப்பட்ட பிட்டுக்கு மீள இயலாது. எம்.பி.3 கோப்பை மீண்டும் வேவ் கோப்பாக மாற்றினாற் பருமன் பெருகுமேயன்றி இசை பெருகாது. எதையும் இழக்காமற் சுருக்கும் ஃபிளாக் முறை 2001 இலேயே இலவசமாக வெளிவந்திருந்தது. பருமனை ஏறத்தாழப் பாதியாக்கும் அதனை எம் அயலில் அன்று கேட்டறிந்தவர் இலர். எம்.பி.3 இசையைக் கொண்டுசெல்லும் வண்டி. அதனைக் களஞ்சியமாகக் கொண்டதே பிழை. கேட்பவருக்கு வேண்டாத மெல்லொலியே வரலாற்று மாணவனுக்கு வேண்டியதாக இருத்தலும் கூடும். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சி இன்று நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பேணுகின்றது. அத்தகைய இடத்துக்கு ஒன்றைக் கொடுப்பதாயின் சுருக்காத பிரதியையே கொடுத்தல் தகும்.

பதினோராவது நாடாவை ஒருவழி வேவ் கோப்பாகப் பதிந்து, ஃபிளாக் பிரதிகள் இரண்டை வெவ்வேறிடங்களில் வைத்துள்ளேன். வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு 192 கிலோபிட் எம்.பி.3 அனுப்பினேன். அந்நாடாவில் ஆலாபனையின் அடியிலே மின்பிறப்பாக்கியின் உறுமல் கேட்கிறது, குழந்தையொன்று அழுகிறது. கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குமுன், சோளகம் எழும்பிவிட்டதா என்று ஒருவர் தூரத்திலிருந்து கேட்கிறார். விடை கேட்கவில்லை, தவில் தொடங்கிவிடுகிறது. அவ்விடத்தை மூன்று முறை போடச் சொன்ன அம்மம்மா, அக்குரல் யாருடையதென்று சொன்னார்.