பிச்சி விரியும் பொழுது

விலையுயர்ந்த சென்ட் ஒன்றை மணிக்கட்டில் தடவினால் அது ஒரே மணமாக நிற்பதில்லை. முதலில் எலுமிச்சை, நாரத்தை போன்ற லேசான வாசனை எழும். அது பறந்தபின் மல்லிகையும் ரோஜாவும் வரும். பொழுது சாயும்போது சந்தனமோ பிசினோ தோலோடு தங்கியிருக்கும். எது சீக்கிரம் ஆவியாகும், எது நின்று மணக்கும் என்று கணக்கிட்டு அடுக்குவதில்தான் பிரான்சின் வாசனைக் கலைஞர்கள் பேர் வாங்கினார்கள். இந்தக் கணக்கு கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல. ஆரல்வாய்மொழியிலும் அதை ஒட்டிய தோவாளையிலும் தலைமுறைகளாக நடந்துவரும் பூ வியாபாரம், மணம் எழும் நேரத்தை விற்கும் வியாபாரம்தான் என்பது என் வாதம்.

இதற்கு முதல் சாட்சி பறிக்கும் பக்குவம். பிச்சியும் மல்லியும் பறித்தவுடன் செத்துப்போகும் பூக்கள் அல்ல. செடியை விட்டுப் பிரிந்த பிறகும் பல மணி நேரம் மணத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருப்பவை. பிரான்சின் கிராஸ் நகரில் முன்பு மல்லிகையைக் கொழுப்பு பூசிய கண்ணாடிமேல் ஒருநாள் பரப்பிவைத்ததும், வட இந்தியாவில் எள்ளோடு அடுக்கடுக்காகச் சேர்த்துவைத்து எண்ணெய் ஆட்டியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். இன்று மணச்சாறு எடுக்கும் தொழிற்சாலைக்கு முழுதும் விரிந்த பிச்சிதான் வேண்டும். ஆயிரம் கிலோ பூவுக்குச் சுமார் மூன்று கிலோ மெழுகுச்சாறு கிடைக்கும். தலையில் சூடும் பூவுக்கோ மொட்டுதான் வேண்டும். அதிகாலையில் பறித்து, சந்தைக்கு வந்து, நாரில் கட்டி, கைமாறிக் கூந்தலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அது விரிய வேண்டும். தொழிற்சாலை வாங்குவது முடிந்த மணத்தை. பூக்காரியிடம் நாம் வாங்குவது இனி வரப்போகும் மணத்தை. சரத்தின் இடையிடையே மரிக்கொழுந்து வைப்பதும் இதே அறிவுதான். பூ வாடிய பிறகும், காய்ந்த பிறகும்கூட அந்த இலை மணக்கும்.

நின்று மணப்பதையும் நம்மவர்கள் அறிந்திருந்தார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தலைமுழுகும் நீரில் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறுகின்றன. அந்த ஐந்து விரைகள், அதாவது மணப்பொருட்கள், கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்று உரை மரபு சொல்கிறது. ஐந்தில் ஒன்றுகூடப் பூ இல்லை. வேர், பிசின், கட்டை என எல்லாமே மெல்ல ஆவியாகும் சரக்கு. அடித்தளத்தை நீரிலும் சாந்திலும் வைத்து, மேலெழும் மணத்தை உயிருள்ள பூவுக்கு விட்டுவிட்ட ஏற்பாடு இது. ஒரே குப்பிக்குள் அடைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

இடமும் இந்தத் தொழிலுக்கு ஒத்துழைத்தது. கிழக்கே வறண்ட பாண்டிச் சீமை, மேற்கே ஈரமான மலையாள நாடு, இரண்டையும் இணைக்கும் காற்றுக் கணவாய் ஆரல்வாய்மொழி. 1809 பிப்ரவரியில் கும்பெனிப் படை திருவிதாங்கூருக்குள் உடைத்துப் புகுந்த வழியும் இதுதான். தோவாளையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 80 கிலோமீட்டர். விடியலில் பறித்த மொட்டு விரிவதற்குள் எட்டிவிடலாம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லைதான் மாறியது. பூவின் வழி மாறவில்லை. ஓணம் நெருங்கினால் இன்றும் தோவாளைச் சந்தை கேரளத்துக்காகவே விழித்திருக்கிறது.

தோவாளைக்குப் புகழ் தந்தது மணம் அல்ல, மாணிக்கமாலை என்று ஒருவர் மறுக்கலாம். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மாலை அரளியும் நொச்சியிலையும் கொண்டு பின்னப்படுவது, கண்ணுக்கான கைவேலை. உண்மைதான். ஆனால் மாலைகட்டும் கைகள் அங்கே நிலைத்தது, பிச்சியும் மல்லியும் நாள்தோறும் வந்து குவியும் சந்தை அங்கே இருந்ததால் என்றே கருதுகிறேன். ஒரு முழம் பூவை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது என்பது இன்னொரு மறுப்பு. குப்பியின் விலையில் விளம்பரமும் கண்ணாடியும் கடை வாடகையும் அடக்கம்; பூவின் விலையில் பறிப்பவரின் தூக்கம்கூடச் சேர்வதில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதால் மட்டும் அது எளிய பொருளாகிவிடாது.

என்னால் மறுக்க முடியாத வாதம் ஒன்று உண்டு. கணவனை இழந்த பெண்ணுக்கு இந்த மணம் தடுக்கப்பட்டது. பூச்சரம் யார் தலையில் ஏறலாம் என்று ஊர் தீர்மானித்தது. சென்ட் குப்பி யாரையும் அப்படிக் கேட்பதில்லை. பூவின் பெருமையைப் பேசும் எவரும் இந்த அநீதியையும் சேர்த்தே பேச வேண்டும். அந்தத் தடை பூவின் குணம் அல்ல, நாம் போட்டது; நாம்தான் நீக்கவும் வேண்டும். நொச்சியிலையை மடிக்கும் கைக்கு இன்று சான்றிதழ் இருக்கிறது. எந்த மொட்டு இன்று மாலை விரியும் என்று இருட்டிலேயே பார்த்துப் பறிக்கும் பெண்களின் அறிவுக்கும் அதே மதிப்பும், அதற்கேற்ற கூலியும் வேண்டும்.