சாலை மிதிவண்டி வீரரின் பந்தயப் பருவம்

சாலை மிதிவண்டிப் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்ட வீரர்கள் ஆண்டுதோறும் சனவரி முதல் அக்டோபர் வரை நாடு நாடாகச் சென்று போட்டியிடும் காலம் பந்தயப் பருவம் எனப்படும். இவ்விளையாட்டை நெறிப்படுத்தும் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1900இல் பாரிசில் நிறுவப்பட்டது. உயர்நிலை வீரர் ஒருவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 நாட்கள் பந்தயத்தில் ஓட்டுகிறார். எஞ்சிய நாட்களைப் பயிற்சியும் பயணமும் ஓய்வும் பங்கிட்டுக்கொள்கின்றன. பயிற்சியையும் சேர்த்தால் அவர் ஓராண்டில் 25,000 கி.மீ.க்கு மேல் மிதிக்கிறார்.

பருவத்தின் போக்கு

பருவம் சனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பகுதியில் நடக்கும் டூர் டவுன் அண்டர் பந்தயத்துடன் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஒருநாள் பந்தயங்களுக்கு உரியவை. மிலான்–சான் ரெமோ, பிளாண்டர்ஸ் சுற்று, கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே, 1892இல் தொடங்கிய லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் ஆகியவை இக்காலத்தில் நடைபெறும். மே மாதம் ஜிரோ தித்தாலியா, சூலையில் டூர் டி பிரான்ஸ், ஆகஸ்டு இறுதியில் ஸ்பெயினின் வுவெல்டா என மூன்று பெருஞ்சுற்றுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 21 கட்டங்களைக் கொண்டது. இடையே ஓய்வு நாட்களும் சேர, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும். அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்தியா பந்தயமும் சீனாவின் குவாங்சி சுற்றும் முடிந்ததும் வீரர்கள் சில வாரம் வண்டியைத் தொடுவதில்லை. பின்னர் டிசம்பரில் ஸ்பெயினின் கால்பே போன்ற கடலோர ஊர்களில் பயிற்சி முகாம்கள் தொடங்கிவிடும். பெருஞ்சுற்றுக்கு முன் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள தெய்தே, சியரா நெவாடா மலைகளில் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறுவது வழக்கம். காற்றில் உயிர்வளி குறைவாக உள்ள உயரத்தில் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும் என்பதே இதன் காரணம்.

அணி

பரிசு மேடையில் ஒருவரே நின்றாலும் ஓட்டுவது அணியாகத்தான். 2018 முதல் பெருஞ்சுற்றுகளில் அணிக்கு 8 பேர் ஓட்டுகின்றனர். முன்செல்பவரின் பின்னால் ஒட்டி ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு பெரிதும் குறையும். எனவே துணை வீரர்கள் முன்னால் ஓட்டித் தலைவரின் வலிமையைக் காக்கின்றனர். அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி வந்து தருகின்றனர். அவருடைய சக்கரம் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுக்கின்றனர். பலருக்குத் தொழில் வாழ்க்கை முழுவதும் இதுவே வேலை. டூர் டி பிரான்ஸ் வெற்றியாளருக்குரிய 5,00,000 யூரோ பரிசைத் தோழர்களுக்கும் பணியாளர்களுக்கும் பகிர்ந்தளிக்கும் மரபு இதனால் வந்தது.

பந்தய நாள்

புறப்பாட்டுக்குச் சுமார் மூன்று மணி நேரத்துக்கு முன் காலை உணவு முடிந்துவிடும். சோறு, ஓட்ஸ், முட்டை ஆகியவை வழக்கமான உணவுகள். ஓட்டத்தின்போது மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உட்கொள்கின்றனர். இனிப்புச் சேர்த்துக் குழைய வேகவைத்து வெட்டிய சோற்றுக் கட்டிகளைப் பராமரிப்பாளர்கள் தாளில் மடித்துத் தோள்பையில் வைத்துச் சாலையோரத்தில் நீட்ட, வீரர்கள் ஓடும் வண்டியிலிருந்தே பற்றிக்கொள்கின்றனர். நான்கு, ஐந்து மணி நேர ஓட்டம் முடிந்த பின் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு ஊக்கமருந்துச் சோதனை, பேருந்திலேயே குளியல், உணவு, அடுத்த ஊருக்குப் பயணம், உடல் பிடித்துவிடல், இரவுணவு என்ற வரிசையில் நாள் கழிகிறது.

பயணமும் தங்குமிடமும்

அணியின் பேருந்தும் பட்டறை வண்டியும் சமையல் வண்டியும் சாலை வழியே செல்கின்றன. பந்தயம் தொடங்கும் ஊருக்கு வீரர்கள் பெரும்பாலும் விமானத்தில் வந்து சேர்கின்றனர். டூர் டி பிரான்ஸில் விடுதிகளை அமைப்பாளர்களே ஒதுக்குவதால், ஒருநாள் சொகுசு விடுதியும் மறுநாள் நெடுஞ்சாலையோரச் சிறு விடுதியும் கிடைக்கலாம். அறை மாறினாலும் உறக்கம் கெடாதிருக்கச் சில அணிகள் வீரர்களின் மெத்தையையும் தலையணையையும் ஊர் ஊராக எடுத்துச் செல்கின்றன. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் உள்ள வீரர், ஒவ்வொரு நாளும் எங்கே உறங்குகிறார், எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்பதை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இவ்விதியை 12 மாதங்களில் மூன்று முறை மீறினால் தடை விதிக்கப்படலாம்.

இடர்களும் ஊதியமும்

மலை இறக்கத்தில் வேகம் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு. காறை எலும்பு முறிவு இத்தொழிலில் அடிக்கடி நேர்வது. 2003இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலெவ் விழுந்து இறந்த பின்னரே தலைக்கவசம் கட்டாயமானது. முதல்நிலை ஆடவர் அணிகளில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 40,000 யூரோவுக்கு மேல். கண்டத் தர அணிகளுக்கு ஒன்றியம் அப்படியொரு வரம்பு வைக்கவில்லை. அங்கே சம்பளமின்றி ஓட்டுவோரும் உண்டு. உயர்நிலை மகளிர் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 2020இல்தான் வந்தது.

இந்தியாவில்

இந்தியாவின் முன்னணி வீரர்கள் பலர் படைப்பிரிவுகளிலோ ரயில்வேயிலோ பணிபுரிந்தபடி ஓட்டுகின்றனர். அவர்களுக்குச் சோறு போடுவது பந்தயமன்று, அந்த வேலையே. இவ்வழியிலிருந்து விலகி நடந்தவர் பெங்களூரின் நவீன் ஜான். தேசிய நேரச்சோதனைப் பந்தயத்தில் பலமுறை வென்ற அவர், பெல்ஜியத்தின் ஊர்ச்சுற்றுப் பந்தயங்களில் ஓட்டிப் பழகி, 2016இல் ஆஸ்திரேலிய அணியொன்றில் இடம்பெற்றார். 2008இல் தொடங்கி, தமிழ்நாட்டின் நீலகிரி மலை வழியே செல்லும் டூர் ஆஃப் நீலகிரிஸ், ஆர்வலர்களுக்கான பல நாள் பயணம். மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் கல்லட்டி மலைப்பாதை அதன் கடினமான பகுதி. 2026 சனவரியில் புனே வட்டாரத்தில் பன்னாட்டு ஒன்றியத்தின் 2.2 தரத்தில் பலகட்டப் பந்தயம் நடந்தபின், வெளிநாட்டு அணிகளுடன் சொந்த மண்ணில் மோதும் வாய்ப்பு இந்திய வீரர்களுக்குக் கிடைத்துள்ளது. ஆனால் ஆண்டு முழுதும் ஊதியம், மருத்துவர், பட்டறை, பயண ஏற்பாடு ஆகியவற்றைத் தந்து வீரரை ஐரோப்பியப் பருவத்தில் நிலைநிறுத்தக்கூடிய முதல்நிலை அணி எதுவும் இந்தியாவில் இல்லை. இந்தியர் எவரும் இதுவரை டூர் டி பிரான்ஸில் ஓட்டியதில்லை.